இருபத்தொரு நாள்

இரவு பதினொன்று நாற்பது.
கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள் எப்பவோ பூட்டியாச்சு.
கடற்றொழில் சமாசத்தின் மேல்மாடியில் நானும்
மேசைக்குக் கீழே மூச்சிரைக்கும் பெட்டியும்.
மின்சாரம் போக முதல் முடிக்கவேணும்.

மேம்படுத்தல் பாதியில் நின்று கேட்கிறது:
இந்தக் கோப்பை யாரோ திருத்தியிருக்கிறார்கள்,
நீயாக இருக்கலாம், உனக்கு முன் இருந்தவராக இருக்கலாம்.
எங்களுடையதை வைக்கவா,
கிடக்கிறதை விடவா?

ஒன்றும் சொல்லாமல் என்ரரைத் தட்டினால்
கிடக்கிறது கிடக்கும்.
மூன்று வருசமாய் அப்படித்தான் தட்டினேன்.
மூன்று வருசமாய்ப் பதிவேட்டில் ஒரே வரி:
பழைய வழக்கப்படியே ஓடுகிறேன், கவனிக்கவும்.
சம்பளப் பட்டியல் போனது, ஐஸ் கணக்கு வந்தது,
ஆர் கவனிப்பார்?

இன்றைக்கு, வித்தியாசத்தைக் காட்டு என்றேன்.

பதினான்கு வரி. எல்லாம் பொனிபஸ் கைவேலை.
பாசையூர்ப் பொனிபஸ், இப்போது பேர்கனில் ட்ராம் ஓட்டுகிறார்.
எடுத்ததற்கெல்லாம் குறிப்பு எழுதுகிறவர்,
ஆங்கில எழுத்தில் தமிழாக, முற்றுப்புள்ளி அருமையாக.

'அவசரத்துக்குத் திறந்தது பிறகு பூட்டவேணும்'
பூட்டவில்லை.
அந்தக் கதவால்தான் போன மாசியில்
எவனோ புகுந்து, எங்கள் பெயரில்
நாற்பதாயிரம் பேருக்கு லொத்தர் விழுந்ததாய் அறிவித்தான்.
கொழும்புக் கந்தோர் எங்கள் கடிதங்களை
மூன்று கிழமை குப்பையில் போட்டது.
பொனிபஸ், உம்மைத் திட்டாத நாளில்லை அப்போது.

இன்னொரு வரி, ஏனென்று அவருக்கே தெரியாதாம்,
'எடுத்தால் நிக்குது' என்று மட்டும்.
எடுத்தேன். நிற்கவில்லை.

பதினோராவது வரி.
போய்ச்சேராத மடலை எத்தனை நாள் வைத்திருப்பது?
தொகுப்பை ஆக்கியவர்கள் ஐந்து என்கிறார்கள்.
ஐந்து நாளில் எந்த வழங்கியும் எழும்பிவிடும்,
அவர்களுடைய ஊரில்.
பொனிபஸ் இருபத்தொன்று போட்டிருக்கிறார்.
பக்கத்தில் இரண்டே சொல்:
'நெடுந்தீவு. வாடை.'

யன்னல் கண்ணாடியில் மழை சரிந்து அடித்தது.
குறிகாட்டுவானில் ஒன்பது நாளாய்ப் படகு இல்லை.
அங்கே ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை,
கிளைக் கணினி இருட்டுக்குள் கிடக்கிறது.

வரிசையை விரித்தேன். பதினேழு மடல், எல்லாம் தீவுக்கு.
மண்ணெண்ணெய் மானியப் படிவம்,
வலை ஏலத்தின் விலை,
காப்புறுதிக்காரரின் மூன்றாம் நினைவூட்டல்.
நிலானி தன் புருசனுக்கு, சங்க முகவரியிலிருந்து
(வாசிக்கக்கூடாது, வாசித்தேன்)
பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது,
அவசரப்பட்டு வள்ளத்தில வராதேயுங்கோ.

ஒவ்வொன்றும் மணிக்கொருதரம் போய்க் கதவைத் தட்டிவிட்டுத்
திரும்பி வந்து குந்தியிருக்கிறது.
ஐந்து என்று விட்டிருந்தால் நாலு நாளைக்கு முன்னமே
'வருந்துகிறோம்' ஒட்டித் திருப்பியிருக்கும்.

இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்துக் கையால் கோத்தேன்.
அவர்களின் பூட்டுகள் அத்தனையும்.
பொனிபசின் ஒரே ஒரு வரி.
அதன் கீழே என்னுடையது, தமிழ் எழுத்திலேயே:
'படகு ஓடுதா என்று கேட்டுவிட்டுக் குறைக்கவும். சுகிர்தா.'

மீள இயக்கினேன். பதிவேட்டில் அந்த எச்சரிக்கை இல்லை.
பதினேழும் இருந்தன. இரண்டு தரம் எண்ணினேன்.

எழும்பப் போகையில் கண்ணில் பட்டது:
இயந்திரம் தன் முறைப்பாடுகளை யாருக்கு எழுதவேணும்?
வந்தபடியே விட்டிருக்கிறோம், ஒருவர் பெயரும் இல்லை.
ஆறு வருசக் கடிதம் திறக்காத பெட்டியில்.
என் பெயரை இட்டேன்.

மின்சாரம் போனது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
கையில் போன் ஒளிர்ந்தது, முதல் கடிதம்:
வட்டு எண்பத்தேழு வீதம் நிறைந்துவிட்டது.
கவனிக்கவும்.